பழைய காரில் ஹீட்டர் விசிறி சத்தமிடுவது ஏன்? காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

பழைய கார் ஒன்றில் ஹீட்டரைப் போட்டதும் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து கீச்சென்றோ கடகடவென்றோ சத்தம் எழுந்தால், பலரும் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறார்கள். வேகத்தைக் குறைத்துச் சத்தத்தை அடக்கிக்கொள்கிறார்கள். அல்லது மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதிதாக ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். முதலாவது கோளாறை வளரவிடும். இரண்டாவது பல வேளைகளில் வீண் செலவு. ஏனெனில், உள்ளே சிக்கிய காய்ந்த இலைக்கும் தேய்ந்துபோன மோட்டாருக்கும் உள்ள வேறுபாட்டை, ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல், காதால் கேட்டே பெருமளவு அறிந்துகொள்ள முடியும். அதற்கு அந்த விசிறி எப்படி வேலை செய்கிறது என்ற அடிப்படை தெரிந்திருந்தால் போதும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஏறத்தாழ 90 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுற்றி வருகிறது. அதன் ஒரு பகுதி டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற சிறிய ரேடியேட்டரின் வழியாக ஓடுகிறது. அந்தக் கோரின் மீது காற்றை வீசி, சூடான காற்றைக் கால் பக்கத்திற்கோ முகத்திற்கோ முன்கண்ணாடிக்கோ தள்ளுவதுதான் நாம் ஹீட்டர் விசிறி என்றும், மெக்கானிக்குகள் புளோயர் என்றும் சொல்லும் கருவியின் வேலை. ஏசி உள்ள கார்களில் குளிர்ந்த காற்றைத் தள்ளுவதும் இதே விசிறிதான்; ஆகவே ஹீட்டரில் கேட்கும் சத்தம் ஏசியிலும் கேட்டால் வியப்படையத் தேவையில்லை. காற்றால் குளிரும் எஞ்சின் கொண்ட பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் போன்ற கார்கள் இந்தக் கட்டுரையில் சேரா. எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறியே அவற்றில் வெப்பக் காற்றையும் உள்ளே தள்ளுகிறது.

இது விரிந்த இறக்கைகள் கொண்ட சாதாரண மின்விசிறி அன்று. ஒரு சிறிய உருளையின் விளிம்பைச் சுற்றிலும் ஒல்லியான பிளாஸ்டிக் இறக்கைகள் பல வரிசையாக நிற்கும். உருளை சுழலும்போது நடுவிலிருந்து காற்றை உறிஞ்சி, விளிம்பின் வழியாக வெளியே எறியும். உருளையைச் சுற்றி நத்தைக் கூட்டின் வடிவில் ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கும். அந்தக் கூட்டுக்கும் இறக்கைகளுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகக் குறைவு என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் சத்தங்களில் பாதி அங்கேதான் பிறக்கிறது. உருளையைச் சுழற்றுவது 12 வோல்ட்டில் ஓடும் ஒரு சிறிய மோட்டார். பெரும்பாலான கார்களில் இது முன் பயணி இருக்கைக்கு எதிரே, கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் அல்லது அதற்கு அடியில் அமைந்திருக்கும். சில பழைய கார்களில் பானெட்டைத் திறந்தால், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரிலேயே தெரியும்.

சத்தத்தை எப்படிக் கேட்பது?

சுழலும் எந்தப் பொருளும் அமைதியாகச் சுழல மூன்று நிபந்தனைகள் உண்டு. அதன் எடை அச்சைச் சுற்றிச் சமமாகப் பரவியிருக்க வேண்டும். சுற்றிலும் எதுவும் உரசாத இடைவெளி இருக்க வேண்டும். அதன் ஷாஃப்டை (நடுத்தண்டை) தாங்கும் இடமாகிய தாங்கி ஆட்டமில்லாமலும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். இவற்றில் எது கெட்டாலும் சத்தம் வரும். ஆனால் மூன்றின் சத்தமும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

சோதனைக்குக் காரை நிறுத்தி, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்ப வேண்டும். எஞ்சின் சத்தம் இல்லாத அமைதியில்தான் நுணுக்கமான வேறுபாடுகள் காதில் விழும். விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். வேகத்தோடு சத்தமும் மாறினால் கோளாறு சுழலும் பாகத்தில் இருக்கிறது. வேகம் மாறியும் சத்தம் மாறவில்லை என்றால், அல்லது விசிறியை அணைத்த பின்பும் சத்தம் தொடர்ந்தால், வேறிடத்தில் தேட வேண்டும். வெப்பநிலைக் குமிழைத் திருப்பும்போதும் காரை ஸ்டார்ட் செய்யும்போதும் சில விநாடிகள் டிக் டிக்கென்று கேட்டு நிற்பது, காற்றைத் திசைதிருப்பும் உள்கதவுகளான காற்றுக் கதவுகளை அசைக்கும் சிறிய மோட்டாரின் பல்சக்கரம் உடைந்ததன் அறிகுறி. நீர் கொப்பளிக்கும் சத்தம் ஹீட்டர் கோருக்குள் காற்று புகுந்திருப்பதை, அதாவது பெரும்பாலும் கூலன்ட் குறைந்திருப்பதைக் காட்டுகிறது. இவ்விரண்டுக்கும் விசிறியைக் குற்றம் சொல்வது வீண்.

பிறகு அணைப்பதைக் கவனிக்க வேண்டும். என் கருத்தில் இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் அதிகம் சொல்வது இதுதான். உயர்ந்த வேகத்தில் ஓடும் விசிறியை அணைத்தால், மின்சாரம் அந்தக் கணமே நின்றுவிடும். விசிறியோ மேலும் சில விநாடிகள் தானாகச் சுழன்று மெல்ல ஓயும். ஸ்விட்சைத் திருப்பிய கணத்திலேயே சத்தம் மறைந்தால் அது மின்சாரத்தோடு தொடர்புடைய இரைச்சல். விசிறி ஓயும்வரை சத்தமும் கூடவே இறங்கி வந்தால் அது உரசல், சமநிலைக் கேடு, தேய்மானம் ஆகியவற்றில் ஒன்று. மேலும், வேகம் இறங்கும்போது தொடர் இரைச்சலாகக் கேட்டது தனித்தனித் தட்டல்களாகப் பிரிந்து கேட்கும். உருளையில் ஏதேனும் ஒட்டிக்கொண்டு கூட்டில் மோதினால் சுற்றுக்கு ஒருமுறை மட்டும் தட்டும். கூட்டில் சிக்கிய ஒரு காம்பு இறக்கைகளின் மீது நீட்டிக்கொண்டிருந்தால் கடந்து செல்லும் ஒவ்வொரு இறக்கையும் அதில் அடித்துச் செல்லும். முன்னது டக், டக், டக்கென்று கேட்கும். பின்னது சர்ரென்ற நீண்ட ஒலி.

சமநிலைக் கேட்டின் சத்தம் காதைவிடக் கைக்கும் காலுக்கும் முதலில் தெரியும். குறைந்த வேகத்தில் ஒன்றும் இருக்காது. மேல்படிக்கு ஏற்றியதும் டேஷ்போர்டே அதிரும். காரணம் எளிது: மையத்தை விட்டு விலகிய எடை உண்டாக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுகிறது; வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். விசிறியின் மையத்திலிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளி 2 கிராம் ஈரச் சருகு ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 1500 சுற்றுகளில் அது ஷாஃப்டை இழுக்கும் விசை ஏறத்தாழ 350 கிராம் எடைக்குச் சமம். 3000 சுற்றுகளிலோ அது 1.4 கிலோ எடைக்குச் சமமாகிறது. அந்த இழுப்பு நொடிக்கு 50 முறை திசை மாறிச் சுற்றுகிறது. ஒரு சருகுக்கு இவ்வளவு பலமா என்று தோன்றலாம். ஆனால் மாதக்கணக்கில் அதைத் தாங்கிக்கொண்டு ஓடிய மோட்டாரின் தாங்கி ஏன் தேய்ந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. இறக்கை ஒன்று முறிந்து விழுந்தாலும், சமநிலைக்காகத் தொழிற்சாலையில் மாட்டிய சிறிய உலோகக் கிளிப் கழன்றுபோனாலும் விளைவு இதுவேதான்.

கீச்சிடும் சத்தமும் பறவை கூவுவது போன்ற சத்தமும் தாங்கி காய்ந்துவிட்டதைக் குறிக்கின்றன. அது குளிர்காலக் காலைகளில் அதிகமாகக் கேட்டு, சில நிமிடங்களில் தானாக மறையும். சில கார்களில் குறைந்த வேகத்தில் மட்டும் கேட்கும். கார் வளைவில் திரும்பும்போதோ பள்ளத்தில் இறங்கும்போதோ சத்தம் தோன்றி மறைந்தால், தாங்கி காய்ந்திருப்பதோடு தேய்ந்தும் இருக்கிறது, ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடுகிறது என்று பொருள். பிளாஸ்டிக் உரசும் கரகரப்பு, விசிறி உருளை ஷாஃப்டில் சற்றே கீழிறங்கிக் கூட்டைத் தொடுவதைக் காட்டும். பழைய பிளாஸ்டிக்கில் நடுத்துளையைச் சுற்றி விரிசல் விட்டால் உருளை இப்படி நழுவும்.

சத்தமே குறைந்த சீழ்க்கை ஒலியாக இருந்து, காற்றும் பலவீனமாக வந்தால், மோட்டாரை நினைப்பதற்கு முன், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பார்ப்பது நல்லது. மிகப் பழைய கார்களில் இந்த ஃபில்டரே இருக்காது. அதனால்தான் அவற்றின் விசிறிகளில் அத்தனை குப்பை சேருகிறது.

குப்பை எங்கிருந்து வருகிறது?

வெளிக்காற்று உள்ளே நுழையும் வழி முன்கண்ணாடியின் அடியில், வைப்பர்களுக்குக் கீழே இருக்கும் கம்பித் தட்டி. மரத்தடியில் நிற்கும் காரில் இலைகளும் காம்புகளும் விதைகளும் அந்த வழியாக இறங்கி நேராக விசிறியின் மடியில் விழுகின்றன. தட்டி உடைந்திருந்தால் எலிகள் அதே வழியாக வந்து, இருக்கையின் பஞ்சையும் தாளையும் கொண்டு கூடு கட்டுகின்றன. இன்னொன்று, காருக்குள்ளேயே பிறக்கும் குப்பை: காற்றுக் கதவுகளின் மீது ஒட்டிய நுரைப்பஞ்சு முதுமையால் பொடிந்து, கறுப்புத் துகள்களாக விசிறிக்குள் இறங்கும். காற்றுத் துவாரங்களிலிருந்து அத்தகைய துகள்கள் முகத்தில் அடித்தால் அதுதான் காரணம்.

மழைநீரும் அதே தட்டியின் வழியாகத்தான் இறங்குகிறது. அது வெளியேற அடியில் வடிகுழாய்கள் உண்டு. அவை மண்ணாலும் சருகாலும் அடைபட்டால் தேங்கும் நீர் விசிறிக் கூட்டுக்குள் வழியும், மோட்டார் துருப்பிடிக்கும். புதிய மோட்டாரை மாட்டிய சில மாதங்களிலேயே பழைய சத்தம் திரும்பி வரும் கார்களில், வடிகுழாயைப் பார்க்காமல் விட்டதே பல வேளைகளில் காரணமாக இருக்கிறது.

கழற்றும் முன்னும் கழற்றும்போதும்

முதலில் அந்தக் காருக்கான பழுதுபார்ப்புக் கையேட்டில் மோட்டார் எந்தப் பக்கமாக வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும். பல கார்களில் கிளவ் பாக்ஸை இறக்கி மூன்று ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மோட்டார் விசிறியோடு கீழே வந்துவிடும்; இது ஆரம்பநிலையில் இருப்பவர் ஒரு பிற்பகலில் செய்யக்கூடிய வேலை. சில கார்களிலோ டேஷ்போர்டு முழுவதையும் எடுத்து, ஹீட்டர் பெட்டியையே வெளியே கொண்டுவர வேண்டும். அந்நிலையில் கூலன்டை வடிக்க வேண்டியிருக்கும். ஏசி குழாய்களையும் பிரிக்க வேண்டியிருந்தால், குளிர்வாயுவை முறையாக இறக்குவதற்குரிய கருவி உள்ள பயிற்சி பெற்றவரிடம் விடுவதே சரி. அந்த வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது சூழலுக்கும் கேடு, பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட.

பேட்டரியின் இணைப்பைக் கழற்றும்போது காரின் பாடியோடு சேர்ந்த முனையை முதலில் எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த முனையில் ஸ்பேனர் வைக்கும்போது அது பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. பெரும்பாலான கார்களில் பாடியோடு சேர்ந்தது எதிர்முனை (மைனஸ்). ஆனால் 1960கள் வரை வந்த பல பிரிட்டிஷ் கார்களில் நேர்முனையே பாடியோடு இணைக்கப்பட்டிருந்தது என்பதால், நிறத்தை நம்பாமல் கேபிள் எங்கே போகிறது என்று பார்ப்பது நல்லது. ரேடியோவுக்குப் பாதுகாப்புக் குறியீடு உள்ள கார்களில் அதை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். பயணிப் பக்கத்தில் ஏர்பேக் இருந்தால், பேட்டரியைக் கழற்றிய பின் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும்; ஏர்பேக் அமைப்பு சிறிது நேரம் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

கிளவ் பாக்ஸின் இரு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் தடுப்புக் குமிழ்கள் விடுபட்டு அது முழுவதும் கீழே தொங்கும். அதன் பின்னால் வட்டமான அடிப்பாகத்தோடு மோட்டார் தெரியும். மின் கனெக்டரின் நாக்கை அழுத்தி இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால், பழைய பிளாஸ்டிக் உடைந்து கையோடு வரும். மோட்டாருக்குக் குளிர்காற்று கொடுக்கும் சிறிய ரப்பர் குழாய் இருந்தால் அதையும் விடுவிக்க வேண்டும். ஸ்க்ரூக்களை எடுப்பதற்கு முன், மோட்டாரின் விளிம்பிலிருந்து கூடு வரை மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்வது பின்னால் பெரிதும் உதவும். அடிப்பாகம் வட்டமாக இருப்பதால், அதைத் திருப்பிப் பொருத்திவிட்டுக் குளிர்காற்றுக் குழாய் ஏன் எட்டவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு.

உள்ளே எலிக்கூடு தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கையுறையும் தகுந்த முகக்கவசமும் அணிய வேண்டும். எலியின் சிறுநீரும் எச்சமும் காய்ந்து தூசியாகப் பறக்கும்போது அதை உள்ளிழுப்பதால் ஹான்டா வைரஸ் போன்ற நோய்கள் பரவக்கூடும். ஆகவே உலர்ந்த நிலையில் துடைப்பதோ வாக்குவம் போடுவதோ கூடாது. கிருமிநாசினி கலந்த நீரைத் தெளித்து ஊறவிட்டு, ஈரத் துணியால் அள்ளிக் கட்டி எறிய வேண்டும்.

மோட்டார் வெளியே வந்ததும் கையால் விசிறியைச் சுழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே காந்தங்கள் இருப்பதால் விட்டுவிட்டுப் பிடிப்பது போன்ற மென்மையான தடங்கல் உணரப்படும்; அது இயல்பு. கரகரப்போ ஓரிடத்தில் மட்டும் இறுக்கமோ இயல்பன்று. ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்தால் மிகச் சிறிதளவு அசையலாம்; பக்கவாட்டில் அசைந்தால் தாங்கி தேய்ந்துவிட்டது. இறக்கைகளை மென்மையான தூரிகையாலும் சோப்பு நீரில் நனைத்த துணியாலும் துடைக்கலாம். மோட்டாருக்குள் நீர் இறங்கக் கூடாது. அவ்வாறு துடைக்கையில் இறக்கையின் விளிம்பில் சின்னஞ்சிறு உலோகக் கிளிப் தென்பட்டால், அதைக் குப்பை என்று எண்ணிப் பிடுங்கிவிடாமல் இருக்க வேண்டும். அதுதான் சமநிலைக்காக வைத்த எடை.

சுத்தம் செய்தபின் மோட்டாரைக் கையில் உறுதியாகப் பிடித்துக்கொண்டு, ஃபியூஸ் சேர்த்த ஒயரால் 12 வோல்ட் பேட்டரியில் இணைத்து ஓட்டிப் பார்க்கலாம். தொடங்கும் கணத்தில் அது கையை முறுக்கித் துள்ளும் என்பதை எதிர்பார்த்திருக்க வேண்டும். வெளியே அமைதியாக ஓடி, காருக்குள் மட்டும் சத்தமிட்டால், கோளாறு மோட்டாரில் இல்லை. கூட்டிலோ இடைவெளியிலோ இருக்கிறது. வெளியிலும் சத்தமிட்டால் அடுத்து வருவது தாங்கியைப் பற்றிய பேச்சு.

புஷ்ஷும் எண்ணெயும்

பழைய கார்களின் புளோயர் மோட்டார்கள் பலவற்றில் ஷாஃப்டைத் தாங்குவது உருளும் குண்டுகள் கொண்ட பால் பேரிங் அன்று, வெண்கலப் புஷ் என்ற வளையம் போன்ற தாங்கி. வெண்கலத் துகள்களை வார்ப்பு அச்சுக்குள் அழுத்தி, உருகாத அளவுக்குச் சூடாக்கி ஒட்டவைத்து இதைச் செய்கிறார்கள். துகள்களுக்கிடையே எஞ்சும் நுண்துளைகள் புஷ்ஷின் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அவற்றில் தொழிற்சாலையிலேயே எண்ணெயை ஏற்றிவிடுகிறார்கள். ஷாஃப்ட் சுழன்று சூடேறும்போது துளைகளிலிருந்து எண்ணெய் கசிந்து மேற்பரப்புக்கு வரும். ஓய்ந்து குளிரும்போது துளைகளே அதை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் குறைந்துபோன புஷ்ஷில், குளிர்ந்த நிலையில் மேற்பரப்பு ஏறக்குறைய உலர்ந்து கிடக்கும். உலோகம் உலோகத்தைப் பற்றி, விட்டு, மறுபடியும் பற்றும் அதிர்வே கீச்சொலியாகக் கேட்கிறது. சில நிமிடங்கள் ஓடிச் சூடேறியதும் எஞ்சியிருந்த எண்ணெய் மேலே வந்து சத்தம் நிற்கிறது. காலையில் கத்திவிட்டுப் பிறகு அடங்கும் விசிறியின் மர்மம் இவ்வளவுதான். அது தானாகக் குணமாகவில்லை, கையிருப்பில் இருந்த கடைசி எண்ணெயைச் செலவழிக்கிறது.

ஆகவே புஷ்ஷுக்கு எண்ணெய் கொடுத்தால் சத்தம் நிற்கும் என்பது உண்மை. எந்த எண்ணெய், எவ்வளவு, எங்கே என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். துருப்பிடித்த நட்டைத் தளர்த்தப் பயன்படுத்தும் ஸ்ப்ரேயை அடித்தால் சத்தம் உடனே நிற்கும். ஆனால் அது மெல்லிய கரைப்பான் கலந்தது என்பதால், இருந்த கொஞ்சநஞ்ச எண்ணெயையும் கழுவிக்கொண்டு ஆவியாகிவிடும். கிரீஸ் நுண்துளைகளுக்குள் இறங்காது. மின்மோட்டார்களுக்கென்று விற்கும் எண்ணெய் அல்லது டிடர்ஜென்ட் சேராத எஸ்ஏஇ 20 தர (எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) எண்ணெய் இதற்குப் பொருந்தும். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் இரண்டு மூன்று துளிகள் போதும். அதிகமாக விட்டால் சுழற்சியில் சிதறி, மோட்டாரின் உள்ளே கார்பன் பிரஷ்கள் உரசும் செம்பு வளையத்தில் படியும். பிரஷ்ஷின் கரித்தூள் எண்ணெயோடு குழைந்து பசையாகி, மின்சாரத்தைக் கண்ட வழியில் கடத்தத் தொடங்கும்.

எண்ணெய் சேர வேண்டிய இடம் இரண்டு. அடிமூடியின் நடுவில் இருக்கும் புஷ்ஷை எட்டுவது எளிது. விசிறியின் பக்கத்தில் இருக்கும் புஷ் உருளைக்கு அடியில் ஒளிந்திருக்கும். தூசி அதிகம் படுவதும் விசிறியின் எடையைச் சுமப்பதும் அதுவே என்பதால், கத்துவதும் பெரும்பாலும் அதுதான். அதை எட்ட உருளையை ஷாஃப்டிலிருந்து உருவ வேண்டும். சிலவற்றில் ஒரு கிளிப்போ நட்டோ பிடித்திருக்கும். சிலவற்றில் இறுக்கமாக அடித்து ஏற்றியிருப்பார்கள். எடுப்பதற்கு முன், ஷாஃப்டின் முனை உருளைக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். திரும்ப ஏற்றும்போது அதே உயரம் வராவிட்டால், கீச்சொலி போய் உரசல் சத்தம் வந்து சேரும். உருளை வர மறுத்தால் திருகித் திருகி இழுப்பதில் பயனில்லை. அந்த வயதுப் பிளாஸ்டிக் வளையாது, வெடிக்கும்.

எண்ணெய் விடுவது எவ்வளவு காலம் தாங்கும் என்பது புஷ்ஷின் நிலையைப் பொறுத்தது. பக்கவாட்டு ஆட்டம் இல்லாமல் வெறுமனே காய்ந்திருந்த மோட்டார் அதன் பின் நெடுங்காலம் அமைதியாக ஓடக்கூடும். ஆட்டம் வந்துவிட்ட மோட்டாரில் எண்ணெய் ஒரு தவணை மட்டுமே. தேய்ந்த உலோகத்தை எந்த எண்ணெயும் வளர்த்துத் தராது. பாகம் கிடைக்காத மிகப் பழைய கார் என்றால், அதே அளவுள்ள வெண்கலப் புஷ்ஷை வாங்கி, மோட்டாரைப் பிரித்து மாற்றித் தருபவர்கள் உண்டு. பாகம் எளிதில் கிடைக்கும் காரில், ஆட்டம் கண்ட மோட்டாருக்கு எண்ணெய் விட்டு மறுபடியும் டேஷ்போர்டுக்குள் மாட்டும் உழைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். பால் பேரிங் உள்ள மோட்டாரில், பேரிங் மூடி முத்திரையிடப்பட்டிருப்பதால் எண்ணெய் உள்ளே போகாது. உறுமத் தொடங்கினால் மாற்றுவதே வழி.

சத்தத்தோடு நிற்காத கோளாறு

சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டினால் என்ன என்று கேட்பவர்கள் மின்சாரப் பக்கத்தைக் கவனிக்க வேண்டும். காய்ந்த புஷ் ஷாஃப்டைப் பிடிக்கிறது. அந்தப் பிடிப்பை மீறிச் சுழல மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. பழைய கார்களில் விசிறியின் வேகத்தைக் குறைப்பது, மோட்டாரோடு தொடராக இணைந்த கம்பிச்சுருள் ரெசிஸ்டர்; மின்னோட்டம் இரட்டித்தால் அதில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். விசிறி தள்ளும் காற்றே அந்த ரெசிஸ்டரைக் குளிர்விக்கும்படி அதைக் காற்றுப் பாதையிலேயே வைத்திருப்பார்கள். விசிறி சோர்ந்தால் வெப்பம் கூடுகிறது, குளிர்விக்கும் காற்றோ குறைகிறது. முடிவில் ரெசிஸ்டரின் சுருள் அறும், அல்லது அதிலுள்ள வெப்ப ஃபியூஸ் பிரியும், அல்லது கனெக்டர் பழுப்பேறி உருகும். எல்லா வேகங்களும் போய் உச்ச வேகம் மட்டும் வேலை செய்யும் காரில் நடந்திருப்பது இதுதான். உச்ச வேகத்தில் மட்டும் மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராகச் செல்கிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. ரெசிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு இறுகிய மோட்டாரை விட்டுவைத்தால் புதியதும் எரியும். வெப்ப ஃபியூஸை ஒயரால் இணைத்துத் தாண்டுவதும், ஃபியூஸ் பெட்டியில் குறிப்பிட்டதைவிடப் பெரிய ஃபியூஸைச் செருகுவதும், பிளாஸ்டிக்கும் தூசியும் நிறைந்த பெட்டிக்குள் தீக்கு வழிவிடுவதாகும். மின்னோட்டத்தை அளந்து பார்க்க விரும்புபவர்கள் ஒயரைச் சுற்றிக் கவ்வும் கிளாம்ப் மீட்டரைப் பயன்படுத்தலாம். சாதாரண மல்டிமீட்டர்கள் பல 10 ஆம்பியர் வரை மட்டுமே தாங்கும், புளோயர் மோட்டாரோ உச்ச வேகத்தில் அதைத் தாண்டிவிடக்கூடும்.

வாகனப் பாதுகாப்பு என்ற கோணமும் உண்டு. முன்கண்ணாடியின் உட்புறத்தில் படியும் ஆவியை விரட்டுவது இந்த விசிறிதான். மழையிலும் பனியிலும் அது நின்றுபோனால், கண்ணாடி சில நிமிடங்களில் வெளுத்துப் பாதை மறைந்துவிடும்.

திரும்பப் பொருத்துதல்

மோட்டார் வெளியே இருக்கும்போதே கூட்டின் உட்புறத்தை விளக்கடித்துப் பார்த்து, மூலைகளில் ஒதுங்கிய சருகுகளை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஓட்டத்திலேயே அவை மீண்டும் விசிறிக்குள் விழும். முன்கண்ணாடித் தட்டியின் அடியையும் வடிகுழாயையும் சுத்தம் செய்து ஒரு குவளை நீர் ஊற்றிப் பார்த்தால், அது காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று தெரிந்துவிடும். உடைந்த தட்டியின் ஓட்டையைத் துருப்பிடிக்காத கம்பி வலையால் மூடலாம். வலைக்கண் மிக நுண்ணியதாக இருந்தால் காற்றோட்டம் குறையும்.

புதிய மோட்டார் வாங்குவதென்றால் விசிறி உருளையோடு சேர்ந்த தொகுப்பாக வாங்குவது மேல். பழைய உருளையைப் புதிய ஷாஃப்டில் ஏற்றும்போது சமநிலையும் உயரமும் ஒருசேரப் பொருந்துவது அரிது. வாங்கும்போது சுழற்சித் திசை, ஷாஃப்டின் விட்டம், உருளையின் உயரம், அடிப்பாகத்தின் துளைகள் ஆகிய நான்கையும் பழையதோடு வைத்து ஒப்பிட வேண்டும்.

கிளவ் பாக்ஸை மாட்டுவதற்கு முன்பே பேட்டரியை இணைத்து எல்லா வேகங்களிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். சத்தம் இல்லை, ஆனால் காற்று முன்பைவிடப் பலவீனமாக வருகிறது என்றால் ஒன்றைச் சோதிக்க வேண்டியிருக்கிறது: நிலைக்காந்த மோட்டாரில் இரு ஒயர்களும் இடம் மாறினால் விசிறி தலைகீழாகச் சுழலும். இந்த வகை உருளை விசிறி எந்தத் திசையில் சுழன்றாலும் காற்றை விளிம்பு வழியாக வெளியேதான் எறியும். ஆகவே துவாரத்தில் காற்று வந்துகொண்டுதான் இருக்கும், பலம் மட்டும் குறைந்திருக்கும். கனெக்டரில் ஒருவழியாக மட்டுமே செருக முடிகிற கார்களில் இது நேராது. தனித்தனி முனைகளில் ஒயர்களைச் செருகும் பழைய கார்களிலும், நேர்முனையைப் பாடியோடு இணைத்த கார்களில் பிற்காலத்து மோட்டாரைப் பொருத்தும்போதும் இது நேரக்கூடும். ஒயர்களை இடம் மாற்றிச் செருகினால் காற்று முழுவேகத்துக்கு வந்துவிடும். மோட்டாரின் ஒரு முனை அதன் உலோகக் கூட்டோடேயே இணைக்கப்பட்டிருந்தால் மட்டும் ஒயரை மாற்றும் வழி உதவாது. அப்போது எதிர்த்திசையில் சுழலும் மோட்டாரையே தேடி வாங்க வேண்டும்.